வாசகர் கேள்வி: விலை குறைந்த பாலிசியில் எது குறைகிறது?

இயக்குநர்களும் நிர்வாகிகளும் எடுத்த முடிவுக்காக அவர்கள்மேல் தனிப்பட்ட முறையில் வழக்கு வந்தால், வக்கீல் செலவையும் நஷ்ட ஈட்டையும் கட்டுகிற காப்பீடுதான் டி அண்ட் ஓ. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேற்கு டெக்சஸ் எண்ணெய் வயலில் லாரி ஓட்டும் நிறுவனங்களிலிருந்து வந்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: எங்களிடம் 34 லாரிகள். பெர்மியன் எண்ணெய் வயலில் ஃப்ராக் மணலும் (பாறையைப் பிளக்கக் கிணற்றுக்குள் செலுத்துவது), கிணற்றிலிருந்து வெளிவரும் உப்புநீரும் ஏற்றுகிறோம். நான், என் மைத்துனர், ஒரு நண்பர் என்று மூன்று பங்குதாரர்கள். லாரி ஒன்றுக்கு வண்டிக் காப்பீடு மட்டுமே வருஷத்துக்கு 19,000 டாலர் ஆகிறது. இப்போது கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் 2 மில்லியனுக்கு டி அண்ட் ஓ வேண்டும் என்கிறது வங்கி. இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று 9,800 டாலர், நாங்கள் முதலில் கட்ட வேண்டிய ரிடென்ஷன் 50,000. இன்னொன்று 16,500 டாலர், ரிடென்ஷன் 25,000. "குறைந்ததை எடு, வங்கிக்குச் சான்றிதழ் போனால் போதும்" என்கிறார் மைத்துனர். எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏன் இவ்வளவு விலை? எதை எடுப்பது? — வாசகர், ஒடெசா

பதில்: முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். புரோக்கர் ஆவதற்கு முன் நான் ஹூஸ்டனில் அண்டர்ரைட்டராக, அதாவது காப்பீட்டு நிறுவனத்தில் ஆபத்தை எடைபோட்டு விலை போடுபவராக, இருந்தேன். உங்களைப் போன்ற நிறுவனத்தின் ஃபைல் மேஜைக்கு வந்தால், எத்தனை லாரி, எத்தனை விபத்து என்று முதலில் பார்க்க மாட்டேன். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரியைத் தேடுவேன்: அடுத்த 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு? அதன் எதிரே கையிருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் பாக்கிகளின் வயதுப் பட்டியல். 90 நாளைத் தாண்டியது எவ்வளவு, மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே எண்ணெய் நிறுவனத்திடமிருந்து வர வேண்டியதா என்று விரல் வைத்துக்கொண்டே போவேன். ஆடிட்டர் அறிக்கையில் "தொடர்ந்து நடத்த முடியுமா என்பதில் ஐயம்" என்ற பத்தி இருந்தால், அந்த ஃபைல் பாதி நேரம் அங்கேயே மூடப்படும்.

காரணம் எளிது. நிறுவனம் நன்றாக ஓடுகிறவரை இயக்குநர்மேல் வழக்குப் போட யாருக்கும் அவசியம் வராது. கடன் கொடுத்தவர், பங்கு வாங்கியவர், திவால் நீதிமன்றம் நியமித்த டிரஸ்டி என்று எல்லோரும் வருவது நிறுவனம் மூழ்கும்போதுதான். எண்ணெய் வயலில் எல்லோரும் ஒன்றாக மூழ்குகிறார்கள். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கிணறு தோண்டும் ரிக் நின்றால் மணலும் வேண்டாம், உப்புநீரும் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இத்தனை லோடு கட்டாயம் தருவோம் என்று எண்ணெய் நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. லாரிகளோ கடனில் வாங்கியவை. விலை விழும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் அந்த லாரிக்கும் விலை கிடைக்காது. அண்டர்ரைட்டர் கூடுதல் விலை போடுவது இந்தப் பயத்துக்காக. டி அண்ட் ஓ சந்தை 2022-க்குப் பிறகு பொதுவாக இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் கடன் அதிகம் உள்ள எண்ணெய் வயல் நிறுவனத்துக்கு அந்த இறக்கம் முழுதாக வந்து சேர்வதில்லை.

இப்போது உங்கள் இரண்டு கொட்டேஷன். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தால் 9,800 டாலர் பாலிசி சர்ப்ளஸ் லைன்ஸ் வகை, அதாவது மாநில உரிமம் பெறாத நிறுவனம் தனி வழியில் விற்பது. அதன்மேல் டெக்சஸ் வரி 4.85 சதவீதம் உண்டு, ஏறக்குறைய 475 டாலர். ஆக 10,275 என்று வைத்துக்கொள்ளுங்கள், சிறு கட்டணங்கள் தனி. இரண்டுக்கும் வித்தியாசம் 6,225 டாலர். 34 லாரிக்குப் பிரித்தால் லாரிக்கு வருஷத்துக்கு 183 டாலர். ஒரே லாரிக்கு 19,000 கட்டுகிற உங்களுக்கு இந்தத் தொகையில் தயக்கம் வரக்கூடாது. ஒரு வழக்கு வந்தாலே ரிடென்ஷனில் இருக்கும் 25,000 வித்தியாசம், நாலு வருஷம் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ஆனால் நான் அதற்காக மட்டும் சொல்லவில்லை. விலை குறைந்த பாலிசியின் பின்பக்கங்களைப் படியுங்கள். உடல் காயம், சொத்துச் சேதம் பற்றிய விலக்கு எல்லா டி அண்ட் ஓ-விலும் உண்டு. அது நியாயமானதே, அதற்குத்தான் வண்டிக் காப்பீடு இருக்கிறது. விஷயம் அந்த விலக்கு எப்படித் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. 16,500 டாலர் பாலிசியில் 'ஃபார்' என்று தொடங்குகிறது. அதாவது காயத்துக்கான நஷ்ட ஈட்டை மட்டும் தரமாட்டோம் என்று பொருள். மற்றதில் 'பேஸ்ட் அபான், அரைசிங் அவுட் ஆஃப்' என்று போகிறது. காயத்திலிருந்து எந்த வகையில் கிளைத்த வழக்கானாலும் தரமாட்டோம் என்று பொருள்.

இது லாரி நிறுவனத்துக்கு ஏன் உயிர்நாடி என்றால், உங்கள் தொழிலில் பெரிய சிக்கல் எல்லாமே ஒரு விபத்தில்தான் தொடங்கும். 2014 டிசம்பர் 30 அன்று உங்கள் ஊர்ப் பக்கத்தில், ஐ-20 நெடுஞ்சாலையில், பனி உறைந்த சாலையில் ஒரு பிக்கப் வண்டி வழுக்கி, நடுத்திட்டைத் தாண்டி எதிரே வந்த வெர்னர் நிறுவன லாரிமுன் போய்விட்டது. ஒரு சிறுவன் இறந்தான். 2018-இல் ஹூஸ்டன் ஜூரி சுமார் 90 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது, வட்டியோடு அது 100 மில்லியனைத் தாண்டியது. கடைசியில் 2025 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. லாரியும் ஓட்டுநரும் அந்த விபத்துக்குச் சட்டப்படியான காரணம் இல்லை என்றது. ஆனால் இடைப்பட்ட ஏழு வருஷம் அந்தத் தொகை புத்தகத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அது நாடு முழுக்க ஓடும் பெரிய நிறுவனம், தாங்கியது. 34 லாரி நிறுவனம் இதில் பத்தில் ஒரு பங்கையும் தாங்காது.

அப்படி ஒரு தீர்ப்பு வந்து நிறுவனம் படுத்தது என்று வைத்துக்கொள்வோம். திவால் டிரஸ்டி கேட்பார்: "வண்டிக் காப்பீட்டுக்கு மேல் எடுத்திருந்த அம்பர்லா காப்பீட்டை 5 மில்லியனிலிருந்து 2 ஆகக் குறைத்தது யார்? ஓட்டுநரின் பழைய ரெக்கார்டைப் பார்க்காமல் வேலைக்கு எடுத்தது யார்?" இந்தக் கேள்வி வழக்காக வந்தால், அது காயத்துக்கான வழக்கு இல்லை, மோசமான நிர்வாகத்துக்கான வழக்கு. முதல் வகை வாசகத்தில் உங்களுக்கு வக்கீல் கிடைப்பார். இரண்டாம் வகையில் 'இது விபத்திலிருந்து கிளைத்தது' என்று ஒரு பக்கக் கடிதம் வரும்.

இன்னொன்று. அதே மலிவான பாலிசியில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில், கடன்காரர் விலக்கு என்று ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியைத் திருத்தும் சீட்டு, ஒட்டியிருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் போடும் வழக்குக்குக் காப்பீடு இல்லை என்பதுதான் அது. வங்கி கேட்டதால் வாங்குகிறீர்கள், அந்த வங்கியே உங்கள்மேல் வழக்குப் போட்டால் அந்தப் பாலிசி வாயைத் திறக்காது. மைத்துனரிடம் இந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

என் யோசனை: 16,500 டாலர் பாலிசியை எடுங்கள். அதற்கு முன் 9,800 கொடுத்தவர்களுக்கு உங்கள் புரோக்கர் ஒரு மின்னஞ்சல் போடட்டும். கடன்காரர் விலக்கை எடுக்கவும், காயம் பற்றிய விலக்கை 'ஃபார்' என்று மாற்றவும், என்ன விலை என்று கேட்கட்டும். சில நேரம் ஆயிரம், இரண்டாயிரம் டாலரில் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மைத்துனர் கூட்டாளியாக இருப்பதால் கடைசியாக ஒன்று. காப்பீடு பெற்ற ஒருவர் இன்னொருவர்மேல் போடும் வழக்கு இரண்டு பாலிசியிலும் விலக்குதான். நீங்கள் மூவரும் அடித்துக்கொண்டால் யாருக்கும் பணம் வராது. திவால் டிரஸ்டி போடும் வழக்கும், நிறுவனத்தின் சார்பில் பங்குதாரர் போடும் வழக்கும் அந்த விலக்கில் சேராது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். பாலிசியில் இல்லாவிட்டால் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்களுக்கு 1 மில்லியன் வண்டிக் காப்பீடும், அதன்மேல் 5 மில்லியன் அம்பர்லாவும் இருக்கிறது. அப்புறம் எதற்கு டி அண்ட் ஓ? — வாசகர், மிட்லாண்ட்

பதில்: அவை இரண்டும் அடிபட்டவருக்குப் பணம் கொடுப்பவை. டி அண்ட் ஓ, அந்த விபத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் எடுத்த முடிவுகளுக்காக உங்களைக் காப்பது. ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

ஆனால் உங்கள் 5 மில்லியன் அம்பர்லாவை விட்டுவிடாதீர்கள். பொதுச் சரக்கு லாரிக்குக் கூட்டரசு கேட்கும் குறைந்தபட்சம் 750,000 டாலர். கச்சா எண்ணெய் ஏற்றினால் 1 மில்லியன். அந்த 750,000 என்பது 1980-களில் வைத்த தொகை, இன்றும் மாறவில்லை. அதோடு, உங்கள் வரம்புக்குள் சமரசத்துக்கு வாய்ப்பு வந்து, வண்டிக் காப்பீட்டு நிறுவனம் அதை நியாயமில்லாமல் மறுத்து, பிறகு தீர்ப்பு வரம்பைத் தாண்டினால், மீதியை அந்த நிறுவனமே ஏற்க வேண்டியிருக்கும். 1929-லிருந்து டெக்சஸில் இருக்கிற ஸ்டோவர்ஸ் விதி இது. அப்படி ஒரு கோரிக்கைக் கடிதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் புரோக்கருக்கும் அனுப்புங்கள். அதை மேஜையில் தூங்கவிட்டதும் பின்னால் ஒரு நிர்வாகக் குற்றச்சாட்டாக வரும்.

கேள்வி: என் கணவரும் அவர் நண்பரும் லாரி நிறுவனம் நடத்துகிறார்கள். காகிதத்தில் நான் செக்ரட்டரி. செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையும் எனக்கு இருக்கிறது. அலுவலகத்துக்கு எப்போதாவதுதான் போவேன். வேலை குறைந்த இரண்டு காலாண்டுகளில் ஓட்டுநர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டவில்லையாம். இப்போது என் பெயருக்கே கூட்டரசு வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டி அண்ட் ஓ பாலிசி இருக்கிறது, பயப்படாதே என்கிறார் கணவர். உண்மையா அம்மா? — வாசகி, கேட்டி

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். கடிதத்தின் ஒரு மூலையில் எண் போட்டிருக்கும். 1153 என்று இருந்தால் உங்களுக்கு 60 நாள்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் முறையீடு செய்யாவிட்டால் தொகை உங்கள் பெயரில் ஏறிவிடும். இந்த வாரமே வரி வக்கீல் ஒருவரைப் பாருங்கள். கணவருக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். இந்த விஷயத்தில் "எனக்குத் தெரியாது, அவர்தான் முடிவெடுத்தார்" என்பது உங்கள் தரப்பாக இருக்கலாம். ஒரே வக்கீலால் அதை உங்களுக்காகச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகளில் அவர் பங்கும், அரசுக்காக நிறுவனம் கையில் வைத்திருக்கிற பணம். அதை டயருக்கும் டீசலுக்கும் செலவழித்தால், பொறுப்பில் இருந்தவர்கள் அந்தத் தொகை முழுவதையும் தனிப்பட்ட முறையில் கட்ட வேண்டும். நிறுவனம் எல்எல்சி, அதாவது உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்பது இதில் காப்பாற்றாது. இரண்டு விஷயம் சேர வேண்டும்: பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும், வரி பாக்கி என்று தெரிந்தே மற்றவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்து உரிமை முதல் விஷயத்தை நிரூபிக்க உதவும். ஆனால் அது மட்டுமே உங்களைக் கட்டிப்போட்டுவிடாது. அந்த இரண்டு காலாண்டில் நீங்கள் கையெழுத்துப் போட்ட செக்குகளை வங்கியிலிருந்து வாங்கி வையுங்கள்.

இனி பாலிசி. பெரும்பாலான டி அண்ட் ஓ பாலிசிகளில் வரி என்பது 'நஷ்டம்' என்ற வரையறைக்குள் வராது. ஆகவே வரித் தொகையைப் பாலிசி கட்டும் என்று எண்ணாதீர்கள். வக்கீல் செலவு கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. டி அண்ட் ஓ என்பது கிளைம் எப்போது வந்தது என்பதை வைத்து வேலை செய்யும் பாலிசி. கடிதம் வந்த பாலிசிக் காலத்துக்குள்ளேயே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பு வரட்டும், அப்போது சொல்லலாம் என்று வைத்தால் இரண்டு வருஷத்துப் பாலிசியும் கைவிட்டுவிடும். புதுப்பிப்பு விண்ணப்பத்தில் "நிலுவையில் ஏதாவது இருக்கிறதா" என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் போடவிடாதீர்கள். அது விலையைக் கூட்டும்தான். ஆனால் மறைத்து வாங்கிய பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதம்.

உங்கள் கணவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை இல்லாத மாதத்தில் ஓட்டுநர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, வரியை அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்கிற நல்ல மனிதர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அடுத்த பாலிசி வாங்குவதற்கு முன், காகிதத்தில் உங்கள் பெயர் ஏன் செக்ரட்டரியாக இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிரீமியத்தைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்? வரம்பைப் பாதியாக்கினால் விலையும் பாதியாகுமா? ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டால் டி அண்ட் ஓ கட்டுமா? — வாசகர், கார்ல்ஸ்பாட், நியூ மெக்சிகோ

பதில்: ஆகாது. முதல் மில்லியன்தான் எப்போதும் விலை அதிகம், மேலே மேலே ஒவ்வொரு மில்லியனும் குறைந்துகொண்டே போகும். 2-லிருந்து 1 மில்லியனுக்கு இறங்கினால் மிச்சம் கொஞ்சம்தான். இன்னொரு விஷயம், இந்தப் பாலிசியில் வக்கீல் செலவு வரம்புக்குள்ளிருந்தே கழியும். மூன்று இயக்குநர், மூன்று வக்கீல், இரண்டு வருஷ வழக்கு என்றால் 1 மில்லியனில் சமரசம் பேச என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். அதே வரம்பை நிறுவனமும் பகிர்ந்துகொள்ளும் என்பதால், தனிநபர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்ற விதி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை இறங்குவது காகிதத்தால்தான். நேரே டாக்ஸ் ரிட்டர்னை அனுப்பிவிட்டு நல்ல விலை கேட்பவர்கள் அதிகம். உரிமம் பெற்ற கணக்காளர் (சிபிஏ) ரிவ்யூ செய்த கணக்கு, கடன் ஒப்பந்த நிபந்தனைகளை இந்தக் காலாண்டில் மீறவில்லை என்று வங்கிக்கு அனுப்பிய சான்று, கடன் முடியும் தேதி, முதல் ஐந்து வாடிக்கையாளரின் பங்கு, இவற்றோடு உரிமையாளரே எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும். எண்ணெய் 45 டாலருக்குப் போனால் எத்தனை லாரியை நிறுத்துவீர்கள், எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று அதில் எழுதுங்கள். அண்டர்ரைட்டருக்குக் கேள்வி கேட்க இடம் வைக்காத ஃபைலுக்குத்தான் அவர் தன் மேலாளரிடம் போய்த் தள்ளுபடி கேட்பார். நான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

புதுப்பிப்புக்கு 90 நாள் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் வரும் ஃபைலுக்கு நல்ல விலை போட யாருக்கும் பொழுது இருக்காது. பாலிசி 2020-க்கு முன்பிருந்தே ஒரே நிறுவனத்தில் இருந்தால், 500 டாலருக்காக இடம் மாற்றாதீர்கள். புதிய நிறுவனம் தொடர்ச்சித் தேதியை இன்றிலிருந்து போட்டால் பழைய விஷயங்களெல்லாம் வெளியே நிற்கும். 2020-இல் பிபிபி கடன் (கொரோனாக் காலத்தில் ஊழியர் சம்பளத்துக்காக அரசு உதவியோடு கிடைத்தது) வாங்கியவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கடன் மோசடி வழக்குகளுக்கான காலவரம்பு 2022 ஆகஸ்டில் வந்த சட்டத்தால் 10 ஆண்டாகிவிட்டது. நீங்கள் நேர்மையாக வாங்கியிருந்தாலும் கேள்வி வரலாம், பதில் சொல்ல வக்கீல் வேண்டும்.

ஓட்டுநர்களின் ஓவர்டைம் வழக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது டி அண்ட் ஓ-வில் விலக்கு. ஊழியர்கள் போடும் வழக்குகளுக்கான வேலைவாய்ப்புப் பொறுப்புப் பாலிசியில் வக்கீல் செலவுக்கு மட்டும் சிறிய தொகை வாங்கலாம். வாங்குங்கள்.

கேள்வி: நான் ஒரு மணல் லாரி நிறுவனத்தில் சேஃப்டி மேனேஜர். உரிமையாளர் இல்லை, பங்கும் இல்லை. கிணற்றடியில் லாரி வரிசையில் நிற்கும் நேரத்தை 'ஆஃப் டூட்டி' என்று போடும்படி ஓட்டுநர்களிடம் சொல்லச் சொல்கிறார்கள். எண்ணெய் வயலுக்கு விதிவிலக்கு இருக்கிறது என்கிறார்கள். நாளை பிரச்சினை வந்தால் நிறுவனத்தின் டி அண்ட் ஓ என்னைக் காக்குமா? — வாசகர், பேகோஸ்

பதில்: தம்பி, முதலில் விதிவிலக்கைப் பற்றி. கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டாம் என்ற கூட்டரசு விதிவிலக்கு, எண்ணெய்க் கிணற்றுக்குச் சேவை செய்வதற்கென்றே தனியாகக் கட்டப்பட்ட வண்டிகளை, அதற்கான சிறப்புப் பயிற்சி பெற்று ஓட்டுபவர்களுக்கு மட்டும். மணலும் தண்ணீரும் கொண்டுவந்து இறக்கும் லாரிகள் பொதுவாக அதில் வராது என்று கூட்டரசின் லாரிப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ 2012-இலேயே விளக்கிவிட்டது. ஓட்டுநர் உண்மையாகவே வேலையிலிருந்து விடுபட்டு ஓய்வெடுத்தால் அது வேறு கணக்கு. வரிசையில் ஸ்டியரிங் பிடித்து பத்தடி பத்தடியாக நகர்வது ஓய்வு இல்லை. எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு, இரவு 285-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி ஓட்டுபவரின் கண் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பாலிசியில் 'காப்பீடு பெற்றவர்' யார் என்று ஒரு வரையறை இருக்கும். முறையாக நியமிக்கப்பட்ட அதிகாரிகள் கட்டாயம் உண்டு. தனியார் நிறுவனப் பாலிசிகள் பலவற்றில் ஊழியர்களும் உண்டு. சிலவற்றில் இயக்குநரோடு சேர்த்து வழக்குப் போட்டால் மட்டும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தெரிந்தே பொய்யான பதிவு செய்ததாக நீதிமன்றம் இறுதியாகத் தீர்மானித்தால் எந்தப் பாலிசியும் காக்காது, அதுவரை கொடுத்த வக்கீல் செலவைத் திருப்பிக் கேட்கவும் அவர்களால் முடியும். குற்றவியல் அபராதத்தை யாராலும் காப்பீடு செய்ய முடியாது. எனவே சொல்லாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். "2012 விளக்கத்தின்படி இதைச் செய்ய முடியாது" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் உரிமையாளருக்கு அனுப்புங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

உரிமையாளர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிறுவனம் டெலவேரில் பதிவானதா? பாதுகாப்புதான் தொழிலின் மூச்சு என்றால் அதை இயக்குநர் குழு நேராகக் கண்காணித்தே ஆக வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல், ஓர் ஐஸ்கிரீம் நிறுவன வழக்கில், தெளிவாகச் சொன்னது. 2023-இல் அங்கு நிறுவன வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம் அந்தக் கடமை நிர்வாக அதிகாரிகளுக்கும் உண்டு என்றது. லாரி நிறுவனத்துக்கு ஓட்டுநரின் தூக்கத்தைவிடப் பெரிய பாதுகாப்பு விஷயம் எதுவும் இல்லை. சேஃப்டி மேனேஜரின் மின்னஞ்சலைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தால், நான் மேலே சொன்ன வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு கச்சா எண்ணெய் லாரி நிறுவனத்தில் எனக்கு 15 சதவீதப் பங்கும், குழுவில் ஓர் இடமும் உண்டு. நிறுவனத்தை விற்கிறோம். வாங்குபவர் எங்கள் டி அண்ட் ஓ-வைத் தொடரமாட்டாராம். பழைய காலத்துக்கென்று 'டெயில்' வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அது தேவையா? — வாசகர், டல்லாஸ்

பதில்: கட்டாயம் தேவை. விற்பனை முடிகிற நிமிடத்தில் உங்கள் பாலிசி புதிய செயல்களுக்கு மூடிவிடும், புதுப்பிக்கவும் மாட்டார்கள். விற்பனைக்கு முன் நீங்கள் எடுத்த முடிவுக்காக இரண்டு வருஷம் கழித்து வழக்கு வந்தால், டெயில் இல்லாமல் அதை ஏற்க எந்தப் பாலிசியும் இருக்காது. வழக்கம் ஆறு வருஷம். விலை ஆறு மடங்கு இல்லை, பெரும்பாலும் ஓர் ஆண்டுப் பிரீமியத்தின் ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள் முடியும், முழுத்தொகையும் ஒரே முறை கட்ட வேண்டும். யார் கட்டுவது என்பது பேரத்தில் சேர வேண்டிய விஷயம். வாங்குபவரே கட்டுவதும் நடக்கிறது, கேட்டுப் பாருங்கள். விற்பனைக்குப் பிறகு வாங்கலாம் என்று விட்டால் கிடைக்காமலே போகலாம். அதனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அதே நாளில் டெயில் பைண்டரும், அதாவது காப்பீடு உறுதியானதற்கான சீட்டும், உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் உங்கள் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் பெயரெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.